வௌவால் மேல் பழி போடுமுன்: ரத்தப் பரிசோதனை சொல்வதும் சொல்லாததும்



வௌவால் ரத்தத்தில் டிங்கிக் கிருமியின் தடயம், ஜப்பானிய மூளைக்காய்ச்சலின் தடயம், ஸிக்காவின் தடயம் என்று அவ்வப்போது செய்தி வருகிறது. 2020இல் கோவிட் வந்த பிறகு வௌவால் என்றாலே ஜனங்களுக்கு ஒரு பயம். செய்தி வந்த மறு வாரமே நம் கிளைக் கூட்டங்களில் கேள்வி கிளம்பிவிடும். "அண்ணே, கோயில் பக்கத்து மாமரத்துல வவ்வாலுங்க தொங்குதே, மரத்த வெட்டிப் போடச் சொல்லலாமா?" என்று ஒருவர் கேட்பார். "லயத்துக்குப் புகை அடிச்சாச்சே, இனிமே என்ன பயம்?" என்று இன்னொருவர் சொல்வார்.

இரண்டு பேருக்கும் பதில் சொல்வதற்கு முன்னால், அந்தத் "தடயம்" என்பது என்ன என்று பார்த்துவிடுவோம். இது படித்தவர்கள் சங்கதி, பால் வெட்டுகிறவனுக்கும் குலை தள்ளுகிறவனுக்கும் இதில் என்ன வேலை என்று யாரும் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 1998-99இல் இதே மாதிரி ஒரு ரத்தத் தடயத்தைச் சரியாகப் படித்து முடிக்கச் சில மாதங்கள் ஆயின. அந்த மாதங்களில் கொட்டகைக்குள் நின்று வேலை செய்தவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும்.

கித்தா மரம் சீவியவர்களுக்கு இதை விளக்க அதிகம் பாடுபட வேண்டியதில்லை. ஒரு மரத்தின் பட்டையைப் பார்த்தால், இந்த மரம் முன்பு வெட்டப்பட்டதா, வெட்டப்படாததா என்று சொல்லிவிடுவோம். வெட்டியவன் போய்விட்டான். பாலும் வடிந்து ஸ்தோருக்குப் போய் என்றைக்கோ ஷீட்டாகிவிட்டது. ஆனால் பட்டையில் தழும்பு நிற்கிறது.

கொசு கொண்டுவரும் கிருமியும் அப்படித்தான். கொசு கடித்து உடம்புக்குள் போன வைரஸ் ரத்தத்தில் சில நாட்கள்தான் ஓடும். அதற்குள் உடம்பு அதை எதிர்க்க ஒரு பொருளைத் தயாரித்துவிடும். எதிர்ப்புப் பொருள் என்று அதற்குப் பெயர். வைரஸ் அழிந்த பிறகும் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் மிஞ்சி நிற்கும். மனிதனுக்கும் இதே கதை, மாட்டுக்கும் இதே கதை, வௌவாலுக்கும் இதே கதை.

காட்டில் பறக்கிற வௌவாலிடம் உயிருள்ள வைரஸைக் கையும் களவுமாகப் பிடிப்பது லேசான வேலை அல்ல. அந்த ஒரு வாரத்தில், அந்த ஒரு வௌவால், விரித்த வலையில் வந்து விழ வேண்டும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் தழும்பைத் தேடுகிறார்கள்.

தேடுகிற விதத்தைச் சொல்கிறோம். பொழுது சாய்கிற நேரத்தில் மெல்லிய நூல் வலை கட்டுகிறார்கள். விழுந்த வௌவாலைக் கையுறை போட்டு எடுத்து, இறக்கை நரம்பில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். பழந்தின்னிப் பெரிய வௌவால், மலாய்க்காரர்கள் கெளுவாங் என்பார்களே, அது ஒரு கிலோ வரை எடை இருக்கும். அதில் எடுப்பது சுலபம். பூச்சி தின்கிற சின்ன வௌவாலோ பத்துப் பதினைந்து கிராம்தான். உடல் எடையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ரத்தம் எடுத்தால் அதன் உயிருக்கே ஆபத்து. ஆக, கிடைப்பது இரண்டு மூன்று சொட்டு. அதை வைத்துக்கொண்டு பத்து நோய்க்குப் பரிசோதனை செய் என்றால் எங்கே போவது?

இன்னொரு கஷ்டமும் உண்டு. ஆஸ்பத்திரியில் நமக்கு டிங்கி பார்க்கிற பரிசோதனைச் சாமான் மனித ரத்தத்துக்கென்று செய்தது. பெரும்பாலான வௌவால் இனங்களுக்கு அப்படித் தனிச் சாமான் கிடையாது. ஆகையால் எந்தப் பிராணிக்கும் பொருந்துகிற பழைய முறை ஒன்றையே பெரிதும் நம்புகிறார்கள். ரத்தம் உறைந்த பின் மேலே தெளியும் நீரை எடுத்து, 56 டிகிரி சூட்டில் அரை மணி நேரம் வைத்து, பத்தில் ஒன்று, இருபதில் ஒன்று, நாற்பதில் ஒன்று என்று படிப்படியாக நீர்க்கச் செய்கிறார்கள். ஒவ்வொன்றிலும் அளந்த உயிர் வைரஸைக் கலக்கிறார்கள். கொஞ்ச நேரம் கழித்து, தட்டில் விரிப்புப் போல வளர்த்து வைத்த குரங்கு உயிரணுக்கள் மேல் அதை ஊற்றுகிறார்கள். வைரஸ் பிழைத்திருந்தால் சில நாளில் அந்த விரிப்பில் ஓட்டை ஓட்டையாக விழும். எதிர்ப்புப் பொருள் இருந்தால் வைரஸ் கட்டுண்டு போகும், ஓட்டை விழாது. ஓட்டைகளை எண்ணிக் கணக்கெடுக்கிறார்கள். எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் அது வைரஸைக் கட்டிப்போடுகிறது என்பதே தழும்பின் ஆழம். உயிருள்ள கொடிய கிருமியோடு செய்கிற வேலை என்பதால் பந்தோபஸ்தான பரிசோதனைக்கூடம் தேவை. எல்லா ஊரிலும் இது நடக்காது.

சரி, தழும்பு தெரிந்துவிட்டது. வெட்டியது யார்? வழக்கே இங்கேதான் ஆரம்பிக்கிறது.

டிங்கி, ஜப்பானிய மூளைக்காய்ச்சல், ஸிக்கா, மஞ்சள் காய்ச்சல் ஆகிய இவற்றின் வைரஸ்கள் எல்லாம் ஒரே குடும்பம். பிளேவி வைரஸ் என்பார்கள். அண்ணன் தம்பி முகச்சாடை போல ஒன்றுக்கு உண்டான எதிர்ப்புப் பொருள் மற்றதையும் கொஞ்சம் பிடிக்கும். டிங்கி வந்து போனவருக்கு ஜே.இ. பரிசோதனை செய்தால் "இருக்கிறது" என்று காட்டக்கூடும்.

வௌவால்களுக்கென்றே இந்தக் குடும்பத்தில் சில உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இவர்களின் விலாசம் நம் வாசகர்களுக்கு நன்கு தெரிந்த இடம்! 1970ஆம் ஆண்டு வாக்கில் இங்கே வௌவால்களிலிருந்து பிரித்தெடுத்த ஒரு வைரஸுக்குப் பத்துமலை வைரஸ் என்று பெயர். இன்னொன்றுக்குக் கேரித் தீவு வைரஸ் என்று பெயர். ஆமாம், தைப்பூசத்துக்கு நாம் காவடி எடுத்துப் படியேறுகிற பத்துமலைதான். மூன்று தலைமுறையாக நம்மவர்கள் வேர்வை சிந்திய அதே கேரித் தீவுதான். பயந்துவிடாதீர்கள். இந்த இரண்டையும் கொசு பரப்புவதாகத் தெரியவில்லை. கொசுவோ உண்ணியோ கடத்துவதாகத் தெரியாத வைரஸ்கள் என்ற வரிசையில்தான் இவற்றை வைத்திருக்கிறார்கள். ஆனால் டிங்கிக்கும் ஜே.இ.க்கும் தூரத்துச் சொந்தம். சொந்தக் கிருமி ஒன்று வந்து போன வௌவாலின் ரத்தத்தில் டிங்கியைத் தேடினால், மங்கலாக ஒரு சாடை தெரியலாம். அதைப் பார்த்துவிட்டு "வௌவாலுக்கு டிங்கி" என்று தலைப்புப் போட்டால் அது அவசரம்.

ஆகையால் கண்டிப்பான ஆராய்ச்சியாளர்கள் ஒரே ரத்தத்தைக் குடும்பத்தின் பல வைரஸ்களோடு தனித்தனியே மோதவிட்டுப் பார்க்கிறார்கள். ஒன்றுக்கு எதிரான பலம் மற்றவற்றைவிட நான்கு மடங்காவது கூட இருந்தால்தான் "இவன்தான் ஆள்" என்று எழுதுவார்கள். இல்லையென்றால் "இந்தக் குடும்பத்தில் யாரோ ஒருவர்" என்று எழுதிவிட்டுச் சும்மா இருப்பார்கள். அப்படிச் சும்மா இருப்பதும் ஒரு நேர்மைதான். செய்தி போடுகிறவர்களுக்கு அந்தப் பொறுமை வருவதில்லை.

தழும்பு இல்லையென்றால் நோய் வரவில்லை என்றும் சொல்ல முடியாது. வௌவால்களிடம் எதிர்ப்புப் பொருள் பல சமயம் குறைவாகவே உண்டாகிறது, சீக்கிரமும் மறைந்துவிடலாம். குட்டியின் ரத்தத்தில் தென்படுவது தாயிடமிருந்து வந்ததாகவும் இருக்கலாம்.

அடுத்து ஒரு கேள்வி, இதுதான் நமக்கு முக்கியம். நோய் வந்து போன பிராணி எல்லாம் நோயைப் பரப்புகிற பிராணி ஆகிவிடுமா? ஆகாது. கொசு ஒரு பிராணியைக் கடித்து வைரஸை எடுத்துக்கொண்டு போக வேண்டுமானால், அதன் ரத்தத்தில் போதிய அளவு வைரஸ் ஓட வேண்டும். டிங்கி விஷயத்தில் கோஸ்தா ரிக்கா நாட்டில் வீடுகளை அடுத்து வாழும் வௌவால்களைப் பிடித்துப் பார்த்தார்கள். சுமார் ஐந்தில் ஒரு வௌவாலுக்குத் தழும்பு இருந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து 2017இல் அவர்கள் எழுதிய முடிவு என்ன தெரியுமா? வௌவால் டிங்கிக்கு ஒரு முட்டுச்சந்து. நம் டிங்கியைக் கொசு அதற்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறது, அதோடு சரி. அதாவது நோய் வௌவாலிடமிருந்து மனிதனுக்கு வரவில்லை, மனிதனிடமிருந்துதான் வௌவாலுக்குப் போயிருக்கிறது.

ஜே.இ. விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. ஜப்பானில் 1960களில் காட்டு வௌவால்களிடமிருந்து உயிருள்ள ஜே.இ. வைரஸையே பிரித்தெடுத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் கறுப்புப் பழந்தின்னி வௌவால்களுக்குக் கொசுக்கடி மூலம் ஜே.இ. கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சி 2009இல் வெளிவந்தது. அவற்றின் ரத்தத்தில் வைரஸ் கண்ணில் படவே இல்லை. ஆனாலும் கடித்த சில கொசுக்களுக்கு வைரஸ் தொற்றிவிட்டது! ஆகையால் இந்த நோயில் வௌவாலுக்குச் சிறு பங்கு இருக்கலாம் என்பதை மறுப்பதற்கில்லை. இருந்தாலும் ஜே.இ.யைப் பெருக்கிக் கொடுக்கிற பிராணி பன்றி. அதைக் காட்டில் காப்பாற்றி வைத்திருப்பவை கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகள். தேங்கிய வயல் தண்ணீரில் பிறக்கும் கியூலெக்ஸ் கொசுதான் வண்டிக்காரன். 2022இல் ஆஸ்திரேலியாவின் தென்கிழக்கு மாநிலங்களில் பல பன்றிப் பண்ணைகளில் ஜே.இ. வெடித்தது அனைவரும் அறிந்ததே.

இனி நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1998 செப்டம்பர் கடைசியில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் ஆட்களுக்கு மூளைக்காய்ச்சல் கண்டது. ஆரம்பத்தில் வந்த நோயாளிகளில் சிலரது ரத்தத்தில் ஜே.இ. எதிர்ப்புப் பொருள் தென்பட்டது. ஜே.இ. இந்நாட்டுக்குப் புதிதல்ல. அவர்களில் சிலருக்கு உண்மையிலேயே அது வந்திருக்கவும் கூடும். உடனே ஜே.இ. என்று முடிவு கட்டினார்கள். தடுப்பூசி போட்டார்கள், புகை அடித்தார்கள். கொசுவைக் கொன்றுவிட்டால் நோய் நிற்கும் என்று நம்பினார்கள்.

நோய் நிற்கவில்லை. ஜே.இ. பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்குகிற நோய். இங்கே விழுந்தவர்களோ வளர்ந்த ஆண்கள், பன்றியைத் தொட்டு வேலை செய்தவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். பண்ணைக்குப் பக்கத்திலேயே குடியிருந்து, அதே கொசுவிடம் கடிபட்டு, ஆனால் பன்றியைத் தொடாதவர்கள் தப்பினார்கள். கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? பன்றிகளும் சுகமில்லாமல் இருமின. ஒரு மைல் தூரம் கேட்கும் இருமல் என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. ஜே.இ. வந்தால் பன்றி அப்படி இருமாது. பன்றியோடு புழங்கியவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. அவர்கள் கண்டது காகிதத்தில் ஏறி முடிவாக மாறத்தான் நாள் ஆனது. அதற்குள் பேராக்கிலிருந்து விற்ற பன்றிகளோடு நோய் லாரி ஏறி நெகிரி செம்பிலானுக்கு வந்து, சிக்காமட், புக்கிட் பெலாண்டோக் பக்கம் பரவிவிட்டது.

1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மூளைத் தண்டு நீரிலிருந்து புது வைரஸ் ஒன்றைப் பிரித்தார். அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தபோது, அது கொசு வைரஸ் குடும்பமே இல்லை என்று தெரிந்தது. அம்மைக் கிருமிக்குச் சொந்தமான வேறு குடும்பம். சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியிடம் கிடைத்ததால் நிப்பா என்று பெயர் வைத்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் மாண்டார்கள். சிங்கப்பூரில் அறுப்புக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கு வந்து ஒருவர் இறந்தார். மாண்டவர்களில் பெரும்பாலோர் சீனர்கள். பண்ணைக் கூலிக்குப் போன நம் இந்தியத் தொழிலாளர்களும் அந்தப் பட்டியலில் உண்டு.

பிறகுதான் வௌவாலிடம் போனார்கள். 14 இனங்களைச் சேர்ந்த 324 வௌவால்களைப் பிடித்து ரத்தம் பார்த்ததில், 5 இனங்களைச் சேர்ந்த 21 வௌவால்களுக்கு நிப்பாவின் தழும்பு இருந்தது. கெளுவாங்குகளும் அவற்றில் அடக்கம். ஆராய்ச்சியாளர்கள் தழும்போடு நின்றுவிடாததுதான் பாராட்டத்தக்கது. தியோமான் தீவில் வௌவால் தொங்கும் மரத்தடியில் பிளாஸ்டிக் விரித்து மூத்திரத்தைச் சேகரித்து, அதிலிருந்தும் வௌவால் பாதி கடித்துப் போட்ட ஜம்பு ஆயர் பழத்திலிருந்தும் உயிருள்ள வைரஸையே எடுத்துக் காட்டினார்கள். 2002இல் அது வெளிவந்தது. ரத்தத் தழும்பு, உயிருள்ள கிருமி, பன்றிக் கொட்டகையை ஒட்டி நட்ட மாமரங்கள். இந்த மூன்றும் சேர்ந்த பிறகுதான் வழக்கு நின்றது. இங்கே வௌவால் குற்றவாளி என்றால், அது தின்கிற மரத்தின் கீழே பன்றிக் கொட்டகை போட்டவர்கள் என்ன?

இவ்வளவும் நமக்கு எதற்கு என்றால், நம் இடத்தில் மர்மக் காய்ச்சல் வந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நிர்வாகம் புகை அடிக்கும், ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளும். ஆனால் காய்ச்சல் யாருக்கு வருகிறது, எந்த வேலைக்காரருக்கு வருகிறது, லயத்திலா, காட்டிலா, ஸ்தோரிலா என்று கேட்பார் இல்லை. அதைக் கேட்கிற வேலை நம்முடையது. கிளைச் செயலாளர்கள் ஒரு நோட்டுப் புத்தகத்தில் பெயர், வேலை, காய்ச்சல் கண்ட தேதி, எந்தப் பிராணியோடு புழக்கம் என்று குறித்து வைக்க வேண்டும். 1998இல் உண்மையைக் காட்டிக்கொடுத்தது இப்படிப்பட்ட கணக்குத்தான்.

யாராவது வந்து ரத்தம் எடுத்தால் கொடுங்கள். ஆனால் எந்த நோய்க்கு, முடிவு எப்போது, யாரிடம் வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பல மருத்துவர்கள் காய்ச்சலின்போது ஒரு முறை, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு முறை என்று இரண்டு தடவை எடுக்கச் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. முதல் ரத்தத்தைவிட இரண்டாவதில் எதிர்ப்புப் பொருள் பல மடங்கு ஏறியிருந்தால் தழும்பு புதியது, ஏறாவிட்டால் பழையது. "முதல் தடவையே கொடுத்தாச்சே, ஒரு நாள் பேரு போயிடும்" என்று இரண்டாவதுக்குப் போகாமல் இருந்துவிடுகிறார்கள். ஒரு நாள் பெயர் போவது கஷ்டம்தான், அந்த நாளுக்குச் சம்பளம் கேட்பது சங்கத்தின் பொறுப்பு. 1969ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் தொழிலால் வரும் நோய்களுக்கும் இடமுண்டு. சொக்சோவில் போய் நிற்கும்போது அந்த இரண்டு ரத்த முடிவும் கையில் இருந்தால் பேச்சே வேறு. இன்று நம்மோடு வேலை செய்கிற இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். கொசுவுக்கும் கிருமிக்கும் பாஸ்போர்ட் கிடையாது.

கொசுவுக்கு மருந்து வௌவாலை விரட்டுவதில் இல்லை. நம் தோட்டங்களில் ஏடிஸ் கொசு வளர்வது வெட்டு நிறுத்திய மரங்களில் கவிழ்க்காமல் விட்ட மங்குகளில், லயத்துப் பின்புறத்துப் பழைய டயரில், ஓட்டை வாளியில், மூடாத தண்ணீர்த் தொட்டியில். மங்கைக் கவிழ்ப்பது அரை நிமிஷ வேலை, ஆயிரம் மரத்துக்கு யார் கூலி கொடுப்பது என்பதுதான் பிரச்சினை. அதை நிர்வாகத்தோடு பேச வேண்டிய நேரம் இது. கால்வாய் அடைப்பும் அப்படித்தான்.

மாமரத்துக்கு வருவோம். வெட்ட வேண்டாம். விரட்டினால் வௌவால் கூட்டம் கலைந்து நாலு இடத்துக்குப் போகும், அவ்வளவுதான். மரத்தடியில் ஆட்டுக்கொட்டகையோ பன்றிக்கொட்டகையோ இருந்தால் அதைத் தள்ளிக் கட்டுங்கள். வௌவால் கடித்த பழத்தைப் பிள்ளைகள் பொறுக்கித் தின்னவிடாதீர்கள். செத்த வௌவாலைக் கையால் தொடாதீர்கள். பத்துமலைக் குகையில் வாழும் தேன்குடி வௌவால் இரவோடு இரவாகப் பல மைல் பறந்து கடலோரச் சதுப்புக்காடு வரை போய்வருகிறது. டுரியான் பூவுக்கும் பெத்தாய் பூவுக்கும் மகரந்தம் சேர்ப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. டுரியான் சீசனில் கூடை கட்டி விற்கிற நம் குடும்பங்களுக்கு அந்த வேலையை அது இலவசமாகச் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறது.